சின்னச் சிலுவை

ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தும் கணக்கு ஒருத்தன் மண்டையிலும் ஏறாது. ஆனால் எந்தப் படத்தில் எந்தக் காட்சியில் கதாநாயகனின் வாட்ச் இடது கையிலிருந்து வலது கைக்குப் போனது, அவன் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் என்ன ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் செல்போன் கொடுத்த கல்வி. 'ஃபேக்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். அரூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்குள் செல்போன் வரக் கூடாது என்பது விதி. வரும் என்பது நடப்பு.

அப்படி ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மிஸ், உங்கம்மா ஃபேக்ட்ஸ் வீடியோல வந்துட்டாங்க மிஸ்!"

போனைப் பிடுங்கி வைக்க வேண்டியவள், வாங்கிப் பார்த்தேன். அம்மா நடித்த படத்தைப் பற்றிய வீடியோதான். நடித்தாள் என்பதே பெரிய வார்த்தை. கதாநாயகனின் நண்பனை ஊருக்கு வெளியே வெட்டிப் போட்டுவிடுவார்கள். பிணம் வீட்டுக்கு வரும். அம்மாக்காரி மேலே விழுந்து அழுவாள். அந்த அம்மாக்காரி என் அம்மா. ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே படம் ஓடியது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வீடியோவில் ஒரு குரல் சொன்னது: "நண்பர்களே, இந்த அழுகையை நூறு தடவ பாத்திருப்பீங்க. ஆனா அழுது முடிச்சதும் இந்தம்மா கை என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களா? இங்கதான் டைரக்டர் ஒரு சம்பவம் பண்ணிருக்காரு!"

படம் அப்படியே நின்றது. அம்மாவின் வலது கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பிறகு மெதுவாக ஓட்டினார்கள். முந்தானை ஓரமாக நெஞ்சுக்குழிக்குப் பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்தது. பிறகு உதட்டுக்குப் போனது. இடி இடிக்கிற சத்தம் போட்டார்கள்.

விளக்கமும் கொடுத்தார்கள். கதையில் பின்பாதியில் ஒரு பெரியவரின் பிணத்திலிருந்து கட்டைவிரல் ரேகை வைத்து நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள். அதைத்தான் இந்தத் தாய் முன்கூட்டியே கட்டைவிரலை முத்தமிட்டு நமக்குக் காட்டிவிட்டாளாம். இன்னொரு வீடியோவில் இது மலைவாழ் மக்களின் சாவுச் சடங்கு என்றார்கள். கமெண்டில் ஒரு கோஷ்டி அம்மாவை மதம் மாற்றிக்கொண்டிருந்தது, இன்னொரு கோஷ்டி நாடு கடத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அது என்னவென்று எனக்குத் தெரியும். உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு, எனக்கு, என் தம்பிக்கு.

நாங்கள் வேதக்காரர்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மாதா கோவிலைச் சுற்றி இருக்கிற வீடுகளில் எங்களுடையது ஒன்று. காடு வைத்திருந்த குடும்பம்தான். அப்பா குடித்துத் தீர்த்த பிறகு அம்மா அடுத்தவர் காட்டில் மரவள்ளி பிடுங்கப் போனாள், மாசி பங்குனியில் புளி உடைக்கப் போனாள். அம்மாவிடம் இரண்டு சிலுவைகள் உண்டு. பூசையிலும் சாப்பாட்டுக்கு முன்னாலும் எல்லோரையும் போல நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று அகலமாகப் போடுவது பெரிய சிலுவை. அது கேட்பதற்கு. இன்னொன்றைக் கோவிலில் போடமாட்டாள். கட்டைவிரலால் நெஞ்சில் சின்னதாகக் கீறி, விரலை முத்திக்கொள்வாள். அது கிடைத்ததற்கு.

எப்போது கிடைக்கும் என்றால், அப்பா தூங்கியதும் கிடைக்கும். அவர் குடித்துவிட்டு வந்தால் முதலில் சட்டி உடையும், அடுத்து அம்மா. நானும் தம்பியும் கட்டிலுக்கடியில் கிடப்போம். எல்லாம் முடிந்து அவர் குறட்டை விடத் தொடங்கியதும் அம்மா அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சு விட்டு, கட்டைவிரலை நெஞ்சுக்குக் கொண்டுபோவாள். தம்பிதான் அதற்குப் பெயர் வைத்தவன். என் காதில் சொல்வான்: "அக்கா, அம்மா சின்னச் சிலுவ போட்டுடுச்சி. இனிமே வெளிய வரலாம்."

அந்தத் தம்பி எனக்கு உயிர். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. பின்னால் வந்தவன் வேறு ஆள்.

அப்பா ஈரல் கெட்டுச் செத்தார். அவர் சட்டை, அவர் லுங்கி, அவர் பெல்ட் எல்லாமே தம்பிக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்தின. நான் அரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அந்த வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும். சோற்றில் உப்பு இல்லையென்றால் அடி. உப்பு இருந்தால், ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று அடி. ஒரு தடவை அம்மாவின் காது கிழிந்தது. கம்மல் மாட்டிக்கொண்டது என்றாள். என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டு அலுத்துப்போனேன்.

"மவ வூட்டுல போயி சோறு தின்னா ஊரு என்னா பேசும்? அவன் நல்ல புள்ளதான். குடிதான் அவனை ஆட்டுது" என்பாள்.

நல்ல பிள்ளை அவ்வப்போது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவான். அந்த மாதங்களில் அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறும். அவன் திரும்பி வந்தால் வற்றும். எனக்கு அவன் ஊரில் இருக்கிறானா இல்லையா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

அவன் பெங்களூரில் இருந்த சமயத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தீர்த்தமலைக்குப் போகிற சாலையை ஒட்டி ஒரு மானாவாரிக் காட்டில் சாவு வீடு ஒன்றைச் செட்டுப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக சினிமா ஆளாகி, ஒப்பாரிக் கூட்டத்துக்குப் பெண்களை வேனில் ஏற்றினார். அம்மாவும் ஏறினாள். அங்கே எவரோ இவள் முகம் நன்றாக இருக்கிறது என்று கூட்டத்திலிருந்து இழுத்து, பிணத்துக்குத் தாயாக உட்கார வைத்துவிட்டார்கள். கழுத்தில் மாதா படத்தோடு கிடந்த உத்தரியக் கயிற்றைக் கழற்றி, நெற்றியில் சாந்துப்பொட்டு வைத்தார்கள். "மூஞ்சி கழுவுனா போச்சி" என்று அம்மா அதற்கொன்றும் சொல்லவில்லை.

அங்கே நடந்தது எங்களுக்குப் படம் ஓடித் தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. டைரக்டரே ஒரு பேட்டியில் சொன்னார். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ரசித்து ரசித்துச் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு அழுகையே வரலைங்க. கிளிசரின் போட்டும் சரியா வரல. வெளிச்சம் போயிட்டிருக்கு. அப்பறம் விசாரிச்சா, அவங்க பையன் பெங்களூர்ல கட்டட வேலை செய்யறதா சொன்னாங்க. என் அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டு, 'கையில போனோட ஓடிப்போய், உன் பையன் மாடியில இருந்து விழுந்து செத்துட்டான்னு சொல்லு'ன்னேன். கேமரா ஓடிட்டே இருக்கு. அப்ப அழுதாங்க பாருங்க... அது நடிப்பு இல்ல. அதுதாங்க தாய்."

பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். ஒரு பொம்பளையிடம் உன் பிள்ளை செத்துவிட்டான் என்று வாய்கூசாமல் பொய் சொன்னதை ஒருவர் பெருமையாகச் சொல்கிறார், எதிரில் இருப்பவள் கைதட்டுகிறாள். கீழே லட்சக்கணக்கில் லைக். எனக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. அம்மாவைக் கேட்டேன்.

"சினிமாக்காரங்க அப்பிடித்தான். உடு" என்றாள். நான் அதற்கு மேல் நோண்டவில்லை.

படத்தில் அம்மா அழுகிறாள், அழுது முடித்துச் சின்னச் சிலுவை போடுகிறாள். நான் அதை முதல் தடவை தியேட்டரில் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டேன். யாரோ ஒருத்தியின் தோள் பாதி மறைத்திருந்தது. மற்றவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை. பேட்டியைப் பார்த்த பிறகு புரிந்தது. அடித்தவன் செத்தான் என்று கேட்டு ஒரு தாய் அழுதிருக்கிறாள். பிறகு, இனி அடி இல்லை என்று நன்றியும் சொல்லியிருக்கிறாள். அழுகையும் நிஜம், சிலுவையும் நிஜம், பெற்ற வயிற்றுக்கு இரண்டும்தான் வரும் என்று நானாக ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் தம்பிக்குப் பாதிதான் தெரியும். அவனுக்கு அழுகை மட்டும்தான் தெரியும்.

பேட்டி வந்த நாளிலிருந்து அவன் காலில் தரை படவில்லை. உலகமே பார்த்துக் கண்ணீர் விடுகிற அழுகை யாருக்காக? அவனுக்காக. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு லோடு ஆட்டோ எடுத்தான். அதன் பின்பக்கம் அம்மா வாயைப் பிளந்து அழுகிற முகத்தை ஆள் உயரத்துக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டி, கீழே 'தாய்ப்பாசம்' என்று மஞ்சள் எழுத்தில் போட்டான். அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் மரவள்ளி ஏற்றினான். போகிற இடமெல்லாம் "அந்தப் புள்ள நான்தாங்க" என்பான். அவனுக்கு ஓசியில் ஊற்றிக் கொடுக்கவும் ஆள் இருந்தது. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவை அடித்தான். அடித்துவிட்டு அந்தக் காட்சியைப் போனில் போட்டுப் பார்த்து அழுதான். "எம் மேல எவ்ளோ பாசம் பாரு இவளுக்கு" என்று அடி வாங்கியவளிடமே சொல்வானாம். இதை அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இத்தனை தடவை பார்த்தவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றிய புகழ்ச்சி எங்கே முடிகிறதோ அங்கே வீடியோவை நிறுத்திவிடுவான். அதுதான் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு வேலையற்றவன் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, இடியும் இடித்துக் காட்டிவிட்டான்.

அவனும் அந்த வீடியோவைப் பார்த்தான். எனக்கே அனுப்பியிருந்தான், கூடவே நெருப்புப் படம் மூன்று. கட்டைவிரல் ரேகை விளக்கம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அம்மா எப்பிடி நடிச்சிருக்குது பாருக்கா" என்று குரல் பதிவும் வந்தது. குடியில் அவன் மூளை மழுங்கியதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடிந்தால், இன்றைக்கு அவனுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்ற நினைப்புதான்.

அப்புறம் சேலத்திலிருந்து ஒரு ஃபேக்ட்ஸ் சேனல்காரர்கள் அம்மாவைப் பேட்டி எடுக்க வருவதாகச் சொன்னான். அவனேதான் ஏற்பாடு செய்தான். நான் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு இளைஞர்கள் காரில் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தம்பி வெள்ளைச் சட்டை போட்டுப் பவுடர் பூசியிருந்தான். அன்று குடிக்கவும் இல்லை. அம்மாவின் இடது கண்ணுக்கடியில் பழைய கன்றல் பச்சையாக இருந்தது. கேமரா பிடித்தவர் அதை மறைக்கிற மாதிரி அம்மாவை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்தார். என்னவென்று கேட்கவில்லை.

"புள்ள செத்துட்டான்னு சொன்னப்ப எப்படிங்கம்மா இருந்துச்சு?"

"எப்பிடி இருக்கும்? பெத்தவளுக்கு எப்பிடி இருக்குமோ அப்பிடி இருந்துச்சி" என்றாள் அம்மா. கெட்டிக்காரி.

பேட்டி அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். கிளம்புகிற நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காட்சியை அப்படியே திரும்ப எடுக்கலாமாம். நிஜ மகனே பிணமாகப் படுத்துக்கொண்டால் வீடியோ எங்கேயோ போய்விடுமாம். தம்பி ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. வாசலில் நாடாக் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்தான். வேட்டியை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று அவனே பஞ்சு கேட்டு வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டான்.

"வேணாண்டா. உசுரோட இருக்கறவன் மூக்குல பஞ்சு வெக்கக் கூடாது" என்றாள் அம்மா.

"நடிப்புதாம்மா. நீ அழுவு."

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைப் பார்த்தாள். கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் கிடந்தான். எனக்குச் சிறுவயதில் கட்டிலுக்கடியில் என்னோடு கிடந்தவனின் முகம் அதில் கொஞ்சம் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன தெரிந்ததோ. அழுகை வரவில்லை. முந்தானையை வாயில் வைத்து வெறும் சத்தம் கொடுத்தாள். தெருக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"பரவால்லைங்கம்மா, அழுகைக்குப் படத்துலேர்ந்தே எடுத்துப் போட்டுக்கறோம். அந்தக் கட்டைவிரல் முத்தம் மட்டும் ஒருதடவ பண்ணுங்க, போதும்" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் வேணாங்க, அவுங்களுக்கு உடம்பு முடியல" என்று நடுவில் போனேன்.

"நீ சும்மா இருக்கா" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாக நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று அகலமாகப் பெரிய சிலுவையைப் போட்டாள்.

"இது இல்லைங்கம்மா. மறந்துட்டீங்க போல. இதோ, இப்படி." அந்த மரியாதையான பிள்ளை கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றது. தம்பியின் முகத்துக்கு நேர் மேலே, தன் கட்டைவிரலை நெஞ்சில் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, விரலை உதட்டில் ஒற்றிக் காட்டியது. அம்மா போடுவதைவிட அழகாகப் போட்டுக் காட்டியது.

தம்பி அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்திருந்தான். செல்போனில் பார்த்தும் அவனுக்குப் பிடிபடாததை, நல்ல வெயிலில், ஒரு முழ தூரத்தில் பார்த்தான்.

"அது சின்னச் சிலுவ" என்றான். அப்படிச் சொன்னது அவன் குரலே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் குரல்.

"என்னது அண்ணா? சின்னச் சிலுவையா? ஏய், கேமராவ ஓட்டு! அதுக்கு என்ன அர்த்தம் அண்ணா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா இரண்டு பேரையும் பார்த்தது.

"நன்றி சொல்றதுக்கு" என்றான். "எங்க வூட்டுல, கும்புட்டது கெடச்சா நன்றி சொல்றதுக்குப் போடறது."

"செம! எதுக்கு நன்றி அண்ணா? பையன் செத்துட்டான்னு சொல்லும்போது?"

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்பாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். "என்னைப் பெத்ததுக்கு" என்றான்.

அவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. கேமரா பிடித்தவர் கண் கலங்கினார். தம்பியைக் கட்டிப்பிடித்தார்கள். அவனே உள்ளே போய் டீ வைக்கச் சொல்லி, அவர்கள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று, கார் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தான். நான் அதற்குள் அம்மாவின் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தேன். கார் மாதா கோவிலைத் தாண்டியிருக்காது.

உள்ளே வந்தவன் கத்தவில்லை. "எந்தக் கையி?" என்று கேட்டான்.

நான் குறுக்கே நின்றேன். ஒரே தள்ளில் அடுப்படியில் போய் விழுந்தேன். அவன் வளையல் போடுகிறவன் மாதிரி அம்மாவின் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் தனியே பிரித்தான். பின்பக்கமாக மடக்கினான். காய்ந்த புளியம்பழ ஓடு உடைகிற சத்தம் வந்தது. விரலோடு விடவில்லை, மணிக்கட்டையும் முறுக்கினான். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவள் கத்தவே இல்லை. கத்தினால் அதிகம் விழும் என்று இரண்டு ஆண்களிடம் கற்றுக்கொண்டவள்.

கைக்கு டீச்சட்டிதான் கிடைத்தது. அவன் மண்டையில் ஓங்கிப் போட்டேன். ரத்தம் வந்தது. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. இன்னொன்று போட்டிருக்கலாம் என்பதுதான் வருத்தம். அவன் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மூக்கில் ஒரு பக்கத்துப் பஞ்சு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏங்கி ஏங்கி அழுதான்.

"ஊரு உலகமே அழுவுதே, எனக்காவ அழுதேன்னு நெனச்சிட்டு இருந்தேனே... ஏம்மா, நான் சாவறது உனக்கு அவ்ளோ சந்தோசமா?"

வாசலில் கூடியவர்கள் அவனுக்குத்தான் பரிதாபப்பட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். "என்னா இருந்தாலும் பெத்த தாயி இப்பிடிச் செய்யலாமா?" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அம்மாவை அரூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க அந்தப் படத்துல மவனுக்காவ அழுத அம்மாதானுங்களே?" என்று போனை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்குத் தெம்பில்லை. வீங்கிய கையை மடியில் மறைத்துக்கொண்டு செல்ஃபிக்குச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். "அவனைப் புடிச்சி உள்ள போட்டா நீ சோறு கொண்டுபோயி குடுப்பியா?" என்று கேட்டாள். மகள் வீட்டுச் சோற்றைப் பற்றி ஊர் பேசுவது இப்போது அவள் காதில் விழுவதில்லை. தெருவில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டால் மட்டும் சாப்பிடுகிற கை நிற்கும். வண்டி நிற்காமல் போய்விட்டால், இடது கையின் கட்டைவிரல் நெஞ்சுக்குப் போகும். பழக்கமில்லாத கை, கோடு கோணலாக விழும்.

அந்த வீடியோ வந்தது. 'கட்டைவிரல் முத்தம்: மகனே உடைத்த ரகசியம்' என்று தலைப்பு. தம்பி "என்னைப் பெத்ததுக்கு" என்று சொல்கிற இடத்தில் வயலின் வைத்திருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதே விட்டார்கள். "உங்க தம்பி செம மிஸ்" என்றார்கள். அவர்களைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி, கணக்குப் போடச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். நான் மாற்றப் போனேன். "இருக்கட்டும்" என்றாள் அம்மா. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிணம் வந்தது. டிவியில் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, தொண்டை கிழிய அழுதாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த அழுகை என் ஈரக்குலையை ஆட்டிவிடும். பொய் கேட்டு அழுத அழுகைதானே என்று தெரிந்தும் ஆட்டும். அது அடங்கியதும், யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் கட்டைவிரல் உதட்டுக்குப் போனது.

"மாத்தி ஒட்டி வெச்சிருக்காங்க" என்றாள் அம்மா.

"எதை?"

"சிலுவ போட்டதுதான் மொதல்ல. அழுதது பின்னாடி."

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அம்மா என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உம் புள்ள உழுந்து செத்துட்டான்னு ஒரு ஆளு ஓடியாந்து சொன்னாரு. எனக்குக் கண்ணுல பொட்டுத் தண்ணி வல்ல. சின்னச் சிலுவதான் போட்டேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. நான் கம்முனு உக்காந்திருந்தேன். அந்த ஆளு பயந்துட்டாரு பாவம், எனக்கு என்னமோ ஆயிப்போச்சின்னு. எங் கால்ல உழுந்து, 'பொய்யிங்கம்மா, சும்மா சொன்னமுங்க, உங்க புள்ள நல்லாத்தான் இருக்காரு, நாளைக்கே வூட்டுக்கு வந்துருவாரு'ன்னாரு." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அப்பத்தான் எனக்கு அழுவாச்சி வந்துச்சி. அடக்கவே முடியல. நான் அழுது ஓயற வரைக்கும் எடுத்தாங்க. அப்பறம் எல்லாரும் கை தட்டுனாங்க."